காலை ஒடுக்காத காலம்

பிறந்த குழந்தைக்குக் காலை ஒடுக்கத் தெரியாது.

நிறைமாதத்தில் பிறந்து ஒரு நாள் ஆன குழந்தையைத் துணி விலக்கி மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள். முழங்கைகள் மடங்கியிருக்கும். விரல்கள் பாதி மூடியிருக்கும். தொடைகள் வயிற்றை நோக்கி மடங்கி, இரண்டு பக்கமும் நன்றாக அகன்றிருக்கும். கருப்பையின் கடைசி வாரங்களில் இடம் குறையக் குறைய உடம்புக்குப் பழகிப்போன இருப்பு அது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த மடக்கம் முழுதாக வந்திருக்காது. கை கால் நீண்டு, தளர்ந்து, விரிப்போடு விரிப்பாகக் கிடக்கும். இந்த வித்தியாசத்தை வைத்தே குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கணிக்க முடியும். லில்லி டுபோவிட்ஸும் விக்டர் டுபோவிட்ஸும் 1970இல் அதற்கு ஓர் அட்டவணை தந்தார்கள். 1979இல் ஜீன் பாலார்ட் அதைச் சுருக்கினார். பாலார்ட் அட்டவணையில் நரம்பு, தசை முதிர்ச்சிக்கென்று ஆறு குறிப்புகள் உண்டு. முதல் குறிப்பு, குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்பது. பிறகு மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது, நீட்டிவிட்ட கை எவ்வளவு விரைவாகத் திரும்ப மடங்குகிறது, முழங்கால் எவ்வளவு நீள்கிறது, கையைச் சால்வை போலக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் முழங்கை எதுவரை வருகிறது, குதிகால் காதை நோக்கி எவ்வளவு போகிறது. இந்த ஆறிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தனி அளவு கிடையாது.

இருபது வருடங்களாகக் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையை ஒட்டிய ஆரம்ப இடையீட்டு மையத்தில் வேலை. பாயில் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்ப்பதுதான் அதில் பெரும்பகுதி. தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். கழுத்து ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதா, குப்புற விழும்போது எந்தத் தோள் முதலில் போகிறது, உட்காரும்போது முதுகு வில்லாக வளைகிறதா, நிற்கும்போது குதிகால் தரையில் படுகிறதா. பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. பேருந்திலோ கல்யாண வீட்டிலோ பெண்களைப் பார்த்தால், அந்த உடம்பு எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று கண் அளக்கத் தொடங்கிவிடுகிறது. பாயில் கிடந்தபோது அத்தனை இடத்தைப் பிடித்த உடம்பு, எந்த வயதில், யார் சொல்லி இவ்வளவு சுருங்கியது?

பார்ப்பதே ஒரு மருத்துவ முறை என்று நிறுவியவர்களில் முக்கியமானவர் ஹைன்ஸ் பிரெக்டல். குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் நேரத்தில், கிலுகிலுப்பை ஆட்டாமல், பேச்சுக் கொடுக்காமல், மல்லாக்கப் போட்டுச் சில நிமிடம் வீடியோ எடுத்துப் பார்ப்பது அவர் முறை. மூன்றிலிருந்து ஐந்து மாத வயதில் ஆரோக்கியமான குழந்தையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் எல்லாத் திசையிலும் சின்னச் சின்ன அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும், குளத்தில் தூறல் விழுவதுபோல. அவை இல்லாமல் போவது மூளைவாதத்துக்கு வலுவான முன்னறிகுறி. 1997இல் லான்செட் இதழில் பிரெக்டலின் குழு 130 குழந்தைகளைப் பற்றி எழுதியது. இந்த அசைவுகள் இயல்பாக இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு நரம்பு வளர்ச்சியும் இயல்பாக அமைந்தது. அசைவுகள் இல்லாதவர்களிலும் மாறுபட்டிருந்தவர்களிலும் 95 சதவீதம் பேருக்குப் பின்னால் குறைபாடு தெரிந்தது. இதற்குத் தேவைப்பட்டது ஒரு விரிப்பு, ஒரு கேமரா, பழகிய கண். இந்த முறையைக் கற்பிக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம் ஒன்று உண்டு: கையைத் தனியாக, காலைத் தனியாகப் பார்க்காதே, முழு உடம்பின் ஓட்டத்தைப் பார்.

அதை முதலில் கேட்டபோது எனக்கு என் அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டியவள் அவள். மணைப்பலகையில் உட்கார்ந்து, சேலையைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி, அந்தக் கால்களின் பள்ளத்தில் பிள்ளையைக் கிடத்துவாள். எண்ணெய் தொட்டுத் தொடை இடுக்கை விரித்து நீவுவாள். வலது கையையும் இடது காலையும் சேர்த்து மடக்குவாள், பிறகு மாற்றி. "இவனுக்கு எடது தோளு இறுக்கம். எப்பவும் ஒருச்சாச்சே போடாத, மாத்திப் போடு" என்பாள். சில பிள்ளைகளைத் தொட்டதுமே, "உரம் விழுந்திருக்கு" என்று புடவையில் போட்டு உருட்டுவாள். அந்த வைத்தியத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கண்ணில் பட்டது பலதும் உண்மை. அவள் பார்த்ததற்கு அட்டவணை இல்லை, எழுதி வைக்க எழுத்தும் தெரியாது. ஊரில் அதற்குப் பெயர் 'கைப்பக்குவம்'. அறிவு என்று யாரும் சொன்னதில்லை.

பெண்கள் பார்ப்பதை அறிவு என்று ஏற்காததன் விலை என்ன என்பதை என் மையத்துக்கு வந்த ஒரு தாய் வழியாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயது. தீப்பெட்டி ஆபீசில் வேலை. முதல் குழந்தை, பெண், ஐந்து மாதம்.

"எண்ணெய் தேய்க்கையில வெரலப் பிரிச்சுப் பிரிச்சுத் தேய்ப்பேன் மேடம். எடது கை பூ மாதிரி விரியுது. வலது கைல பெருவிரல் உள்ள மடங்கியே இருக்கு. அழுக்கு உள்ளயே நிக்குது."

இரண்டாம் மாதத்திலிருந்தே அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் காட்டிய இடத்தில், "முதல் பிள்ளையா? அதான் பயப்படுற. தலை நின்னுருச்சுல்ல, போ" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மாமியார் வேறொன்று கண்டுபிடித்திருந்தார். குழந்தை எதை எடுத்தாலும் இடது கையால் எடுக்கிறது. "பொம்பளப் பிள்ள பீச்சாங்கைப் பழக்கமா வளந்தா நாளைக்கு எவன் வீட்ல சோறு போடுவா?" என்று இடது கையைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு வலது கைப் பழக்கமும் கிடையாது, இடது கைப் பழக்கமும் கிடையாது. ஒரு வயதுக்கு முன்னால் ஒரு கையை மட்டும் தெளிவாகப் பயன்படுத்தினால், மற்றக் கையால் முடியவில்லையா என்றுதான் சோதிக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு உடலின் வலது பக்கத்தில் மூளைவாதம் இருந்தது. மூன்று மாதங்களாக அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மா ஒருத்திதான்.

சிகிச்சையிலும் இடது கைக்குச் சின்ன உறை போட்டோம் என்பது வேடிக்கை. பலவீனமான கைக்கு வாய்ப்புக் கொடுப்பதற்காக நல்ல கையைக் கொஞ்ச நேரம் ஓய்வில் வைப்பது ஒரு முறை. அதை விளையாட்டாகச் செய்ய வேண்டும், குழந்தை அழுதால் நிறுத்த வேண்டும். வீட்டில் கட்டியது தண்டனைக்கு. இரண்டு கட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தாய்க்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்கு இப்போது ஆறு வயது. இடது கையால் எழுதுகிறாள், வலது கையால் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். வலது கை உதவிக்கை மட்டும்தான், அது மாறாது. இரண்டு மாதத்திலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விரிந்திருக்கலாம்.

பாயில் என் எதிரே உட்காரும் தாய்மார்களிடம் குழந்தையைப் பற்றிக் கேட்டால், முதலில் வருவது தங்களைப் பற்றிய வாக்குமூலம். கிரகணத்தன்று வெளியே போனேன், மாடிப்படி ஏறினேன், ஏழாம் மாதம்வரை வேலைக்குப் போனேன். யாரோ அவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். அப்பாக்களிடம் யாரும் கேட்பதில்லை. என் பதிவேட்டில் இன்னொன்றும் தெரிகிறது. ஆண் குழந்தைகளைத் தாமதமாகக் கூட்டிவருகிறார்கள், ஆனால் வந்தால் விடாமல் வருகிறார்கள். "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் நடப்பான்" என்பது தாமதத்துக்குக் காரணம். பெண் குழந்தைகளை நடக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கை இன்னும் சரியாகவில்லையே என்றால், "வாரவாரம் இங்க வர்றது தெரிஞ்சா பின்னால கட்டிக்கொடுக்கக் கஷ்டம் மேடம்" என்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு.

ஆண் மெதுவாக நடப்பான், பெண் சீக்கிரம் நடப்பாள் என்பதற்கு ஆதாரம் இல்லை. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஆறு அசைவு மைல்கற்களுக்கான கால எல்லையை வெளியிட்டது. பிடிமானமில்லாமல் உட்கார்வது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். சுமார் 4 சதவீதக் குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடந்தார்கள், அதிலும் குறை ஒன்றும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி எல்லை வகுக்கும் அளவுக்கு எந்த வேறுபாடும் கிடைக்கவில்லை. இரண்டு பாலுக்கும் ஒரே அட்டவணை.

நம்முடைய பழைய இலக்கியமும் ஓர் எல்லைவரை இதை ஒத்துக்கொள்கிறது. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். இரண்டாவதான செங்கீரைப் பருவத்தில், ஐந்தாம் மாதத்துக் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆட்டுகிறது. நான் தினமும் பாயில் எதிர்பார்த்துக் காத்திருக்கும் இருப்பு இது. எடை கைக்கு மாறுகிறது, இடுப்பின் இரு பக்கமும் வேறு வேறு வேலை செய்யப் பழகுகின்றன, தவழ்வதற்கு முந்தைய படி. இதை யாரோ உட்கார்ந்து, பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் பெண்களாகவும் பாடியவர்கள் ஆண்களாகவும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். சப்பாணியில் கைதட்டல், வருகையில் தளர்நடை. காப்பிலிருந்து அம்புலிவரை ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எட்டாவதில் வழி பிரிகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை கொட்டுதல், சிறுதேர் உருட்டுதல். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அம்மானையும் ஊசலும் உடம்புக்கு நல்ல வேலை கொடுக்கிற விளையாட்டுகள்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் சிற்றில் என்பது சிறுமிகள் மணலில் கட்டிய வீடு. அவர்கள் கெஞ்சக் கெஞ்ச ஆண் குழந்தை அதைக் காலால் கலைப்பது விளையாட்டாகப் பாடப்படுகிறது. காலை வீசுவது ஒருவனுக்கு அழகானபோது, கெஞ்சுவது மற்றவர்களுக்குப் பங்காகிறது.

இந்தப் பிரிவு பிள்ளைத்தமிழ் சொல்வதைவிட முன்னாலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. எமிலி மாண்ட்ஷைன், காரன் அடால்ஃப், கேதரின் டாமிஸ்-லெமோண்டா என்ற மூன்று பெண்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு பாதை. பதினோரு மாதக் குழந்தைகள் அதில் தவழ்ந்து இறங்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு தாயிடமும், உன் குழந்தை எவ்வளவு சரிவுவரை இறங்கும் என்று கேட்டார்கள். ஆண் குழந்தைகளின் தாய்மார் கூட்டிச் சொன்னார்கள், பெண் குழந்தைகளின் தாய்மார் குறைத்துச் சொன்னார்கள். குழந்தைகளை இறக்கிப் பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை. நேற்றுவரை அதே கையால் குளிப்பாட்டி, அதே மடியில் வைத்துப் பால் கொடுத்த தாய்மார்கள் அவர்கள். பெருவிரல் விரியாததைக் கண்டுபிடிக்கிற கூர்மையான கண்ணுக்கும்கூட, 'இவள் பெண்' என்ற திரை குறுக்கே வந்துவிடுகிறது.

என் பாயில் அந்தத் திரையின் பெயர் கவுன். எட்டு மாதப் பெண் குழந்தை தவழத் தொடங்கும்போது பாருங்கள். முழங்கால் முன்னே வரும், கவுனின் விளிம்பை மிதிக்கும், அடுத்த காலை எடுக்கும்போது கழுத்து இழுபடும், குழந்தை முகம் குப்புற விழும். இரண்டு மூன்று முறை விழுந்தபின் உட்கார்ந்துவிடும். அடுத்த விரிப்பில் ஜட்டியோடு கிடக்கும் பையன் சுவர்வரை போயிருப்பான். "இவ ரொம்ப அமைதி மேடம், வெச்ச எடத்துல இருப்பா" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். நான் கவுனைக் கழற்றச் சொல்வேன். ஐந்தாவது நிமிடத்தில் அந்த அமைதி என் பதிவேட்டை இழுத்துக்கொண்டிருக்கும்.

கவுனுக்குப் பின் சொல் வரும். அப்பத்தாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. எண்ணெய் தொட்டு என் தொடைகளை விரித்து நீவியவளும் அவள்தான், எனக்கு ஏழு வயதானபோது, "காலை ஒடுக்கி உக்காரு, பாவாடைய இழுத்து விடு" என்று தொடையில் தட்டியவளும் அவள்தான். அவள் கொடுமைக்காரி இல்லை. ஒடுக்காத கால்களுக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று தெரிந்தவள். பிறகு ஓடாதே, திண்ணையில் சாயாதே, சிரிக்கும்போது உடம்பைக் குலுக்காதே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முதுகுவலி என்று என்னிடம் வரும் சிறுமிகளில் பலருக்கு எலும்பில் ஒன்றும் இருக்காது. மார்பை மறைக்கத் தோளை முன்னால் வளைத்து, புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்து, வருடக்கணக்கில் குனிந்து நடந்த வலி அது. நிமிர்ந்து நில் என்று பயிற்சி கொடுக்கிறேன். நிமிர்ந்தால் பார்க்கிறார்கள் என்று ஒரு சிறுமி சொன்னாள். அதற்கான பயிற்சி என் பாடப்புத்தகத்தில் இல்லை.

எர்வின் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவர், ஐந்து வயதுச் சிறுமி பந்தெறியும்போது உடம்பை முழுதாகத் திருப்பாமல் கையை மட்டும் அசைக்கிறாள் என்று கவனித்து, பெண்ணின் இயல்புதான் அதற்குக் காரணம் என்று எழுதினார். அதற்கு 1980இல் ஐரிஸ் மரியன் யங் பதில் எழுதினார். பெண் தன் உடம்பைச் செயல்படுகிற ஒன்றாக மட்டும் உணர்வதில்லை, பார்க்கப்படுகிற ஒரு பொருளாகவும் உணர்கிறாள், ஆகவே முழு உடம்பையும் ஒரு செயலுக்குள் விடத் தயங்குகிறாள் என்பது அவர் வாதம். நாள்முழுவதும் ஐந்து மாதக் குழந்தைகளைப் பார்க்கிற நான் இதோடு ஒன்று சேர்க்கலாம். கிலுகிலுப்பையை எட்டிப்பிடிக்கும் ஐந்து மாதப் பெண் குழந்தை கையை மட்டும் நீட்டுவதில்லை. தோளும் முதுகும் இடுப்பும் கால்விரலும் சேர்ந்து அந்தக் கிலுகிலுப்பையை நோக்கிப் போகின்றன. இயல்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

பிரச்சினை கவுனோடும் சொல்லோடும் முடிவதில்லை. தரையைப் பற்றியும் பேச வேண்டும். குழந்தையைத் தரையில் விடுங்கள், குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள் என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்கிறோம். எமி பிக்லர் என்ற ஹங்கேரிய மருத்துவர் 1946இல் புடாபெஸ்டில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். தானாக உட்காராத குழந்தையை உட்காரவைக்காதே, தானாக நிற்காத குழந்தையை நிறுத்தாதே. பாதுகாப்பான தரையும், நகரத் தோதான உடையும், நேரமும் கொடு, மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த கொள்கை. ஆனால் ஒற்றை அறை வீட்டில், ஒரு மூலையில் அடுப்பும் மறுமூலையில் தண்ணீர்க் குடங்களும் இருக்கும் இடத்தில், அந்தத் தரை எங்கே இருக்கிறது? தொட்டிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் சோம்பேறி இல்லை. புடவைத் தொட்டில்தான் அவள் வீட்டில் குழந்தைக்கு ஆபத்தில்லாத ஒரே இடம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பை உறுதிசெய்தது. பிரெக்டல் பார்க்கச் சொன்ன மூன்றாம் மாதமும் நான்காம் மாதமும் ஐந்தாம் மாதமும் அதற்குள் அடங்கிவிடும். துண்டுக்கணக்கில் கூலி வாங்குகிறவள் மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். குழந்தையை உட்கார்ந்து பார்ப்பதற்குக் கண் மட்டும் போதாது, நேரம் வேண்டும். அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பது தாயின் அக்கறையைப் பொறுத்ததல்ல.

கடைசியாக, மாணவிகளுக்கு நான் எப்போதும் சொல்லும் ஆய்வு ஒன்று. பிறந்த குழந்தையைக் கக்கத்தில் பிடித்துப் பாதம் தரையில் படும்படி நிறுத்தினால், நடப்பதுபோலக் காலை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். இரண்டு மாதத்தில் அது மறைந்துவிடும். மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயல் அடங்கிவிடுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். எஸ்தர் தெலன் 1984இல் வேறுவிதமாகச் சோதித்தார். காலை எடுத்து வைப்பதை விட்டுவந்த குழந்தைகளை இடுப்பளவு இதமான தண்ணீரில் நிறுத்தினார். கால்கள் மறுபடி நடக்க ஆரம்பித்தன. தண்ணீர் எடையைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த மாதங்களில் காலில் கொழுப்பு வேகமாகச் சேர்கிறது, தசை அந்த அளவுக்கு வளர்வதில்லை. திறமை எங்கும் போய்விடவில்லை. தூக்க முடியாத அளவுக்குக் கால் கனத்துவிட்டது.

ஒடுங்கிய உடம்போடு வரும் பெண்களைப் பார்க்கும்போது, இவர்களுக்கு என்ன இல்லை என்று நான் இப்போது கேட்பதில்லை. எந்த எடையை இறக்கினால் இவர்கள் கால் எழும் என்று பார்க்கிறேன். சிலது பெரிய எடை. சட்டமும் கூலியும் வீடும் மாற வேண்டும். சிலது சின்ன எடை. உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தால் இன்று மாலை அவளைப் பாயில் விடுங்கள். கொலுசையும் கவுனையும் கழற்றுங்கள். தூக்காமல், உட்காரவைக்காமல், கூப்பிடாமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள். எந்தக் கை விரிகிறது, எந்தக் கை விரியவில்லை, எந்தப் பக்கமாக உருள்கிறாள், எவ்வளவு தூரம் போகிறாள். ஏதோ சரியில்லை என்று தோன்றினால், முதல் பிள்ளையா என்று கேட்பவர்களைத் தாண்டி அடுத்த மருத்துவரிடம் போங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அவள் போகிற தூரம்வரை போகட்டும்.